"ஜெபிக்கிறேன்" என்று சொன்ன பிறகு என்ன செய்வது?

ஸ்தோத்திரம் சகோதரி. பக்கவாதத்தில் படுத்திருக்கும் கணவரைத் தனியாகக் கவனிக்கும் சபைத் தோழியிடம் "ஜெபிக்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வருவது உறுத்துகிறது என்றீர்கள். பைபிளில் யாக்கோபு 2:15-16 கேட்பதும் அதைத்தான்: உடையும் உணவும் இல்லாதவருக்கு எதுவும் கொடுக்காமல் "சமாதானமாய்ப் போங்கள்" என்று மட்டும் சொன்னால் என்ன பயன்?

"ஏதாவது வேணும்னா சொல்லுங்க" வேண்டாம். களைத்தவருக்கு உதவியை யோசித்துக் கேட்பதே கூடுதல் வேலை, பெரும்பாலும் கேட்கமாட்டார். "வியாழன் 4 மணியிலிருந்து 6 வரை அண்ணன்கிட்ட நான் இருக்கேன், நீங்க தூங்குங்க" என்று நாளும் நேரமும் குறித்துச் சொல்லுங்கள். போகுமுன் இரண்டு விஷயங்களைக் கேட்டு வையுங்கள்: ஒன்று, அவரை எப்போது, எப்படிப் புரட்டிப் படுக்கவைப்பது; இரண்டு, விழுங்குவதில் சிரமம் உண்டா. இரண்டாவது மிக முக்கியம். பக்கவாதத்தில் சாதாரணத் தண்ணீர்கூட மூச்சுக்குழாயில் இறங்கி நுரையீரலைப் பாதிக்கலாம். அன்பாகக் கொடுக்கும் ஒரு வாய் தண்ணீரே ஆபத்தாகும்.

பொதுவாக முதல் வாரங்களில் கூட்டம் வரும், பிறகு ஒருவரும் வரமாட்டார்கள். ஆகவே நான்கைந்து பேர் ஆளுக்கொரு நாள் பிரித்துக்கொள்ளுங்கள்; தோழியிடம் பேசுவது ஒருவராக மட்டும் இருக்கட்டும்.

ஜெபத்தை விடவேண்டாம். அனுமதி கேட்டு, 121ஆம் சங்கீதத்தின் 8 வசனங்களை வாசித்து, தாழ்ந்த குரலில் சுருக்கமாக ஜெபியுங்கள். "விசுவாசம் குறைவு", "ஏதோ பாவம்" போன்ற பேச்சு கூடவே கூடாது. யோவான் 9:3 பாருங்கள்; பிறவிக் குருடனைப் பற்றி, அவனோ பெற்றோரோ செய்த பாவம் காரணமல்ல என்கிறார் இயேசு. பெருந்துன்பத்தில் இருந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் மௌனமாக உட்கார்ந்திருந்தவரை ஆறுதலாகத்தான் இருந்தார்கள்; பிறகுதான் பேசி, அவர்மேல் குற்றம் சுமத்தினார்கள்.

கணவரின் உடல்நிலையை ஜெபக்குறிப்பாக வாட்ஸ்அப் குழுவில் போடுமுன் தோழியிடம் கேளுங்கள்.