அப்பாவின் இசைத்தட்டுகளுக்கு எந்த டர்ன்டேபிள்?

கேள்வி: அப்பா சேர்த்துவைத்த எல்.பி., ஈ.பி. தட்டுகளோடு, 78 வேகத்தில் சுழலும் பழைய தட்டுகளும் சில உள்ளன. ஸ்பீக்கருடன் பெட்டி வடிவில் வரும் சிறிய பிளேயர் போதுமா? அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் தம்மிடமுள்ள பழைய பிளேயரைக் கொண்டுவருவதாகவும் சொல்கிறார், வாங்கிக்கொள்ளலாமா?

பதில்: பெட்டி பிளேயரை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவற்றில் பெரும்பாலும் இருப்பது செராமிக் கார்ட்ரிட்ஜ் (முள்ளின் அசைவை மின்சைகையாக மாற்றும் பகுதிதான் கார்ட்ரிட்ஜ்). காந்தத்தைக் கொண்டு இயங்கும் மூவிங் மேக்னட் வகைக் கார்ட்ரிட்ஜின் முள்ளுக்கு ஏறத்தாழ 2 கிராம் அழுத்தம் போதுமென்றால், இது 5 கிராம் அளவுக்குத் தட்டை அழுத்துகிறது. அதைக் குறைக்கவும் வழி இருப்பதில்லை. போதாக்குறைக்கு, ஸ்பீக்கரின் அதிர்வு அதே பெட்டியிலுள்ள முள்ளையும் வந்து சேர்ந்து ஒலியைக் கெடுக்கிறது.

உங்கள் தேர்வைத் தீர்மானிக்க வேண்டியவை அந்த 78 தட்டுகள்தாம். பிளேயரில் மூன்று வேகங்கள் (நிமிடத்துக்கு 33⅓, 45, 78 சுற்றுகள்) இருந்துவிட்டால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். முள்ளைப் பற்றி எவரும் கேட்பதில்லை. எல்.பி. முள்ளின் நுனி ஆரம் சுமார் 18 மைக்ரான். 78 தட்டின் அகன்ற பள்ளத்துக்கு ஏறத்தாழ 75 மைக்ரான் வேண்டும். சிறிய முள்ளை அதில் வைத்தால் அது பள்ளத்தின் அடிவரை இறங்கி, பாட்டை விட்டுவிட்டு அங்கே படிந்துள்ள அழுக்கைத்தான் வாசிக்கும். பெரிய முள்ளை எல்.பி.யில் வைத்தாலோ தட்டே பாழாகும். (78 தட்டுகளை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிடாதீர்கள், அவை அரக்கால் ஆனவை, கரைந்துவிடும்.)

ஆகவே ஆடியோ-டெக்னிகாவின் ஏடி-எல்பி120எக்ஸ்யூஎஸ்பி உங்களுக்குப் பொருந்தும். மூன்று வேகங்களும் உண்டு, அழுத்தத்தையும் சரிசெய்யலாம். அதன் விஎம்95 வகைக் கார்ட்ரிட்ஜில், 78 தட்டுகளுக்கென்றே விற்கப்படும் எஸ்பி முள்ளைத் தனியாக வாங்கி மாட்டிக்கொள்ளலாம். முள்ளை மாற்றும்போதெல்லாம், அதனுடன் வரும் தாளில் குறித்துள்ளபடி அழுத்தத்தையும் மாற்றிவிடுங்கள். 78 தட்டுகள் வேண்டாமென்று முடிவுசெய்தால் அதே நிறுவனத்தின் ஏடி-எல்பி60எக்ஸ் மலிவு; தட்டு முடிந்ததும் முள்ளைத் தாங்கும் கை தானாகவே திரும்பிவிடும், ஆனால் அழுத்தத்தை மாற்ற இயலாது. மோட்டார் தட்டைச் சுழற்றுவது பெல்ட் வழியாகவா, நேரடியாகவா (டைரக்ட் டிரைவ்) என்ற வாதத்தில் இந்த விலையில் பெரிய பொருளில்லை.

கார்ட்ரிட்ஜிலிருந்து வருவது சில மில்லிவோல்ட் மட்டுமே என்பதாலும், தட்டில் தாழ்ந்த சுரங்களைக் குறைத்தும் உச்ச சுரங்களைக் கூட்டியும் பதிந்திருப்பதாலும், அதைச் சீராக்கிப் பெருக்க போனோ ப்ரீஆம்ப் தேவை. இவ்விரு மாடல்களிலும் அது உள்ளேயே உண்டு. உங்கள் ஆம்ப்ளிஃபயரில் போனோ இணைப்பு இல்லையெனில் பின்புற ஸ்விட்சை 'லைன்' பக்கம் தள்ளுங்கள்.

அண்ணனின் பிளேயரில் ஏசி சிங்க்ரனஸ் மோட்டார் (மின்சாரத்தின் ஹெர்ட்ஸ் அளவுக்கேற்ப வேகம் அமையும் மோட்டார்) இருந்தால் எச்சரிக்கை தேவை. டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் 120 வோல்ட் கிடைத்துவிடும், ஆனால் அங்குள்ள 60 ஹெர்ட்ஸ் இங்கே 50 ஹெர்ட்ஸாகவே இருக்கும். தட்டின் வேகம் ஆறில் ஒரு பங்கு குறைந்து, 33⅓ சுற்ற வேண்டியது 28-ஐக்கூட எட்டாது. 50 ஹெர்ட்ஸுக்கான புல்லி (மோட்டாரின் சுழற்சியைத் தட்டுக்குக் கடத்தும் சிறு சக்கரம்) அந்த மாடலுக்குக் கிடைக்குமா என்று விசாரித்த பிறகு கொண்டுவரச் சொல்லுங்கள்.