பெயிண்ட்பால் போட்டியில் முதல் ஓட்டத்தை எப்படித் திட்டமிடுவது?

சாயக் குண்டுகளால் எதிரணியைச் சுட்டு அவுட் ஆக்கும் இந்த விளையாட்டில், ஐந்து பேர் அணியாக முதல்முறை போட்டிக்குப் போவதாகவும், தொடக்க பஸ்ஸர் அடித்ததும் யார் எந்த பங்கருக்கு (மறைந்து நிற்கும் தடுப்புக்கு) ஓடுவது என்று புரியவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

பங்கரை அப்புறம் பார்க்கலாம். போகும் வழியில் எந்த இடைவெளியில் அடிபடுவோம் என்பதை முதலில் பாருங்கள். எதிரணி உங்களைக் குறிபார்க்காது. பங்கர்களுக்கு நடுவே நீங்கள் கடந்தே ஆகவேண்டிய ஒரு சந்தில் குண்டுகளை வரிசையாக விட்டுக்கொண்டே இருக்கும், நீங்களே போய் அதில் விழுவீர்கள். குண்டின் வேகத்துக்கு வழக்கமான வரம்பு விநாடிக்கு 300 அடி. காற்று இழுப்பதால், நூறு அடி தாண்ட அரை விநாடி வரை ஆகும். அதற்குள் ஓடுபவர் பத்தடி நகர்ந்திருப்பார். அதனால்தான் ஆளை விட்டுச் சந்தை அடிக்கிறார்கள்.

வேலூரில் நாங்கள் இதைப் பழகியது காய்ந்து கிடக்கும் பாலாற்று மணலில். 150க்கு 120 அடி கயிறு பிடித்து, உரச்சாக்கில் மணல் நிரப்பி பங்கர்களாக நிறுத்தினோம். சுடுவதே இல்லை. எதிர்முனையில் ஒருவர் துடைப்பக் குச்சியை ஒரு சந்தை நோக்கி நீட்டி நிற்பார், கைதட்டியதும் ஓட வேண்டும். ஓடி முடித்துத் திரும்பிப் பார்த்தால் காலடித் தடம் எல்லாவற்றையும் சொல்லிவிடும். 'நேராத்தான்டா ஓடினேன்' என்று என் தம்பி சத்தியம் செய்தான். தடமோ நடுவில் வெளிப்பக்கமாக நன்றாக வளைந்திருந்தது, அதுவும் குச்சி காட்டிய இடத்திலேயே. அன்றிலிருந்து ஒவ்வொருவருக்கும் முதல் ஐந்து காலடி எந்தத் திசையில் என்பதைத்தான் முடிவு செய்கிறோம்.

சரி, ஆட்களைப் பிரிப்பது. மைதானத்தின் ஓரக் கோட்டை ஒட்டி, பாம்புபோல் நீளமாகத் தாழ்ந்து கிடக்கும் 'பாம்பு' பங்கருக்கு வேகமான ஆள். பின்னால் நிற்கும் இருவர் உடனே ஓடாமல், எதிரணி ஓடும் சந்தை ஓரிரு விநாடி அடித்துவிட்டுப் பக்கத்து பங்கருக்குள் போகட்டும். யார் எந்தச் சந்து என்பதைப் பெயர் சொல்லிப் பிரித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் இரண்டு பேரும் ஒரே சந்தை அடிப்பார்கள். பாம்புக்குப் போனவர் வழியிலேயே அவுட் ஆனால் அந்தப் பக்கத்தை யார் பிடிப்பது என்பதும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்று, குண்டுப் பெட்டியை வெயிலில் வைக்காதீர்கள். நம்மூர் மே மாதச் சூட்டில் ஜெலட்டின் ஓடு இளகிப் பருத்துவிடும். குறி தவறும், மேலே பட்டாலும் உடையாமல் எகிறும். உடையாவிட்டால் எதிராளி அவுட் இல்லை. நாங்கள் பெட்டியை ஈரச்சாக்குக்குப் பக்கத்தில் நிழலில் வைப்போம், ஈரம் மட்டும் குண்டில் படக்கூடாது.