ஹோஸ்ட் குடும்பத்தோடு பெர்லின் போகும் மகளுக்கு எவ்வளவு அனுப்பலாம்?

கேள்வி: என் மகளுக்கு 16 வயது. மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஜெர்மனி போய், லைப்சிக்கில் ஒரு குடும்பத்தோடு தங்கிப் படிக்கிறாள். அடுத்த வார இறுதியில் அவர்கள் இவளையும் பெர்லினுக்குக் கூட்டிப்போகிறார்கள். வெள்ளி மாலை கிளம்பி ஞாயிறு இரவு திரும்புவார்கள். ஃபாரெக்ஸ் கார்டில் (வெளிநாட்டுப் பணம் ஏற்றிச் செலவழிக்கும் கார்டு) 60 யூரோதான் இருக்கிறது. எல்லாச் செலவும் அவர்கள் தலையில் விழுமே என்று எங்களுக்குக் கூச்சமாக இருக்கிறது. 1 லட்ச ரூபாய் எஃப்டியை உடைத்து 500 யூரோவை அந்த வீட்டுக்காரர் கணக்குக்கே அனுப்பிவிடலாமா? (ஈரோட்டிலிருந்து ஒரு அப்பா)

பதில்: எஃப்டியைத் தொடாதீர்கள். அவர் கணக்குக்கும் அனுப்ப வேண்டாம். மகளின் கார்டில் இன்னும் 100 யூரோ ஏற்றுங்கள், போதும்.

உங்கள் கூச்சம் எனக்குப் புரிகிறது. நம் பிள்ளையை இன்னொருவர் வீட்டில் விட்டிருக்கும்போது யாருக்கும் வருவதுதான். ஆனால் இப்படிப்பட்ட பல திட்டங்களில் அந்தக் குடும்பங்கள் காசு வாங்காமல்தான் பிள்ளைகளை வைத்துக்கொள்கின்றன. அப்படி இருக்கிறவரின் கணக்கில் கேட்காமலே ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் போய் விழுந்தால் அவருக்குச் சங்கடம். எஃப்டியை இடையில் உடைத்தால் வட்டி குறையும், வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கு வங்கிக் கட்டணம் வேறு, நடுவில் இருக்கும் வங்கியும் கொஞ்சம் பிடிக்கலாம்.

முதலில் மகளிடம் ஒன்று கேளுங்கள்: கூப்பிட்டபோது அவர்கள் 'ஐன்லாடன்' என்ற சொல்லைச் சொன்னார்களா? ஜெர்மானியர்கள் அப்படிச் சொல்லி அழைத்தால் பெரும்பாலும் செலவு தங்களுடையது என்று பொருள். 'நீயும் வா' என்று மட்டும் சொல்லியிருந்தால் அவரவர் செலவு அவரவருக்கு என்றும் இருக்கலாம், நம் ஊர் மாதிரி கூப்பிட்டவரே கொடுப்பார் என்று நினைத்துவிடக் கூடாது. அங்கே ஓட்டலில் பில் கொண்டுவரும்போதே சேர்த்தா, தனித்தனியா என்றுதான் கேட்பார்கள். அதனால் கிளம்புவதற்கு முன்பே, "நான் எதற்கெல்லாம் கொடுக்க வேண்டும்?" என்று அவள் நேராகக் கேட்டுவிடட்டும். அங்கே அப்படிக் கேட்பது தப்பே இல்லை, கேட்காமல் இருந்தால்தான் இரண்டு பக்கமும் தவிப்பு. அறைக்கும் பயணத்துக்கும் பங்கு உண்டு என்று சொன்னால் அந்தத் தொகையை மட்டும் கூடுதலாக ஏற்றுங்கள்.

சரி, 160 யூரோ போதுமா? போதும். பெர்லின் அரசு அருங்காட்சியகங்களில் 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கட்டணமே இல்லை. நாடாளுமன்றக் கட்டடத்தின் கண்ணாடிக் குவிமாடமும் இலவசம்தான், ஆனால் பெயரும் பிறந்த தேதியும் கொடுத்து முன்பதிவு செய்ய வேண்டும், பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். பெர்லின் சுவரின் மிச்சத்தில் ஓவியம் வரைந்திருக்கும் ஈஸ்ட் சைடு கேலரி தெருவோரம்தான் இருக்கிறது. டிவி கோபுரத்தில் ஏறினால் மட்டும் 20 யூரோவுக்கு மேல் ஆகும். நகருக்குள் சுற்ற ஒரு நாள் டிக்கெட் 10 யூரோவைக் கொஞ்சம் தாண்டும். சாதாரண சாப்பாட்டுக்கு மதியமும் இரவும் வேளைக்கு 15 யூரோ என்று வைத்தாலும், கோபுரத்தில் ஏறாமல் இருந்தால் கணக்கு இடிக்காது.

இதில் 40 யூரோவை அந்தக் குடும்பத்துக்காகவே ஒதுக்கச் சொல்லுங்கள். ஒரு மாலை எல்லோருக்கும் ஐஸ்கிரீமும் காபியும் இவள் வாங்கித் தரட்டும், "இது என் அப்பா அம்மா சார்பில்" என்று சொல்லியே தரட்டும். நீங்கள் அனுப்ப நினைத்த 500 யூரோவைவிட அந்த வீட்டுக்கு இதுதான் பிடிக்கும் என்று உறுதியாக நம்புகிறேன். ஏதாவது வாங்குவதாக இருந்தால் சனிக்கிழமையே வாங்கிவிட வேண்டும், ஞாயிறு அங்கே கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும்.

அப்புறம் கார்டு விஷயம். வார இறுதியில் வங்கி வேலை தாமதமாகலாம், நேர வித்தியாசமும் இருக்கிறது, எனவே புதன்கிழமைக்குள் ஏற்றிவிடுங்கள். சின்னக் கடைகள் சிலவற்றில் கார்டு எடுக்க மாட்டார்கள், கழிவறைக்கும் சில்லறை கேட்கும் இடங்கள் உண்டு, அதனால் லைப்சிக்கிலேயே 50 யூரோ ரொக்கம் எடுத்துக்கொள்ளட்டும். பல கார்டுகளில் ஒவ்வொரு முறை எடுக்கவும் கட்டணம் உண்டு, ஒரே தடவையில் எடுப்பது நல்லது. மெஷின் 'ரூபாயிலா, யூரோவிலா' என்று கேட்டால் எப்போதும் யூரோ என்றே அழுத்தச் சொல்லுங்கள். ரூபாயை அழுத்தினால் அவர்கள் வைத்த விலையில் மாற்றிக் கழிப்பார்கள், கார்டில் யூரோ இருந்தும் வீண் நஷ்டம்.