மீதிப் படங்கள் எங்கே?

கேள்வி: பாரிஸ் போய் வந்த என் மகன், லூவ்ர் அருங்காட்சியகத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூடக் காட்சிக்கு வைப்பதில்லை என்கிறான். நிஜமா? மீதி எல்லாம் எங்கே?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: நிஜம்தான் அம்மா. சுமார் 5 லட்சம் பொருள்கள். கண்ணில் படுவது 35 ஆயிரம் போல. இடம் கிடைத்தாலும் எல்லாவற்றையும் மாட்டிவிட முடியாது. காகிதத்தில் வரைந்த படங்களுக்கு வெளிச்சம்தான் எமன். மங்கிய விளக்கில் சில மாதம் வைத்தால், பிறகு சில வருடம் இருட்டில் ஓய்வு கொடுக்க வேண்டும்.

மீதி? பெரும்பாலும் நிலவறைகளில் இருந்தன. 2016 ஜூனில் சேன் நதி பொங்கியபோது லூவ்ரை மூடிவிட்டு, ஆயிரக்கணக்கான பொருள்களை அவசரமாக மேல்தளத்துக்குத் தூக்கினார்கள். அப்புறம் 2019-இல் வடக்கே லியேவன் என்ற ஊரில் புதுக் கிடங்கு திறந்தார்கள். பத்திரமான ஏற்பாடுதான். ஆனால் உங்கள் மகனைப் போன்றவர் சும்மா நுழைந்து பார்க்க முடியாது.

எனக்குப் பிடித்தது நெதர்லாந்தின் ராட்டர்டாம் செய்த காரியம். ஊரின் பெரும்பகுதி கடல் மட்டத்துக்குக் கீழே. அங்கேயும் நிலவறைக் கிடங்குக்குத் தண்ணீர் பயம். 2021-இல் பொய்மான்ஸ் அருங்காட்சியகம் தன் ஒன்றரை லட்சம் பொருள்களுக்கும் சுற்றிலும் முகம் பார்க்கும் கண்ணாடி பதித்த, கிண்ணம் போன்ற கட்டடம் எழுப்பியது. பூங்காவில் இடம் அடைக்கக் கூடாதென்று அடி குறுகலாக, மேலே விரிந்து நிற்கும். உள்ளே ஓவியர், நூற்றாண்டு என்ற வரிசை கிடையாது. எந்தப் பொருளுக்கு எவ்வளவு குளிர், எவ்வளவு ஈரப்பதம் வேண்டுமோ, அதன்படிதான் அறை. சீட்டு வாங்கினால் யாரும் போகலாம்; பழுது பார்ப்பவர்கள் வேலை செய்வதைக்கூடப் பார்க்கலாம். லண்டன் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் அருங்காட்சியகம் 2025-இல் இன்னும் ஒரு படி மேலே போனது: முன்கூட்டிச் சொல்லி வைத்தால், கிடங்கிலிருந்து நீங்கள் கேட்ட பொருளை எடுத்து வைத்துக் காட்டுவார்கள், இலவசமாக. மகன் அடுத்த முறை லண்டன் போகட்டும்!

கேள்வி: இடம் இல்லையென்றால், உபரியை விற்றுவிட வேண்டியதுதானே?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: எது உபரி என்று யார் சொல்வது, சார்? 1881-இல் நெதர்லாந்தின் தி ஹேக் நகர ஏலத்தில், அழுக்கேறிய ஒரு பெண்ணின் படம் இரண்டு கில்டர் (அந்நாள் டச்சுப் பணம்) முப்பது சென்ட்டுக்குப் போனது. புகழ்பெற்ற டச்சு ஓவியர் வெர்மீர் வரைந்த 'முத்துத் தோடு அணிந்த பெண்' அது! வாங்கியவர் உயில் எழுதி வைத்ததால் பின்னாளில் அதே ஊர் மொரிட்ஸ்ஹவுஸ் அருங்காட்சியகத்துக்கு வந்தது. அருங்காட்சியகமே இப்படி ஒன்றை விற்றிருந்தால், திரும்ப வாங்க எந்த அரசிடம் பணம் இருக்கும்? பிரான்ஸில் அரசு அருங்காட்சியகப் பொருள்களை விற்கச் சட்டமே இடம் தருவதில்லை.

விற்பதைவிட, இப்படிப் பொருள்கள் இல்லாத ஊருக்கு இரவல் கொடுக்கலாம். லூவ்ர் 2012-இல் லான்ஸ் என்ற பழைய நிலக்கரிச் சுரங்க ஊரில் கிளை திறந்தது. அதற்கென்று சொந்தச் சேகரிப்பு கிடையாது. பாரிஸிலிருந்து பொருள்கள் முறை வைத்துப் போய் வருகின்றன.