கேக்காம அச்சடிச்ச ரேங்க்

கேள்வி: பாலக்காடு ஜில்லா வேலந்தாவளம் எங்க ஊர். அப்பா ஆர்மில கேப்டன், 1987ல இந்தியா இலங்கைக்கு அனுப்பின அமைதிப்படையோட யாழ்ப்பாணம் போனவர். அடுத்த வருஷம் கோர்ட் மார்ஷல்ல, அதாவது ராணுவத்தோட சொந்த கோர்ட் விசாரணைல, டிஸ்மிஸ் ஆகி வந்துட்டார், நான் அப்ப கைக்குழந்தை. வீட்ல யாரும் அதைப் பேசறதில்ல. இப்ப அவருக்கு 68. மறுபடி சர்வீஸ்ல சேர்த்த மாதிரி ஆர்டர் வாங்கி களங்கத்தைத் துடைக்கணும். போன வருஷம் தங்கச்சி கல்யாணப் பத்திரிகைல 'கேப்டன் (ஓய்வு)'னுதான் போட்டோம், அவரு என்னமோ முகூர்த்தத்துக்கு வரல, பெரியப்பாதான் தாரை வார்த்தார். யாரைப் பாக்கணும்?

பதில்: தம்பி, இந்த மாதிரி லெட்டர் எனக்கு நிறைய வரும், எழுதறது எப்பவும் பிள்ளைங்களோ சம்சாரமோதான், அந்த மனுஷன் எழுத மாட்டார். சொந்தப் பொண்ணு கழுத்துல தாலி ஏறறப்ப அப்பா மண்டபத்துல இல்ல, அதை "என்னமோ வரல"ன்னு ஒரு வரில தாண்டிட்டுப் போறீங்க. என்னமோவா? கோர்ட் மார்ஷல் பறிச்ச ரேங்க்கை அவர்ட்ட ஒரு வார்த்தை கேக்காம அவர் பேருக்கு முன்னாடி அச்சடிச்சு, சம்பந்தி வீடு, கூடப் பட்டாளத்துல இருந்தவங்கன்னு ஊர் பூரா குடுத்திருக்கீங்க. டிஸ்மிஸ் ஆனவர் ஓய்வு பெற்றவர் இல்ல தம்பி, எக்ஸ் சர்வீஸ்மேன் கணக்குலயே வரமாட்டார், அது அவருக்கு நல்லாத் தெரியும். இல்லாத பட்டத்தோட மணவறைல உக்கார அவரால முடியலன்னுதான் எனக்குப் படுது. களங்கம்னு நீங்க சொல்றதை அவர் சுமந்துட்டு இருந்தார், பொய்யை நீங்க ஏத்தி வச்சீங்க.

1987 அக்டோபர்ல யாழ்ப்பாணத்துக்குள்ள நம்ம படைக்கும் விடுதலைப்புலிகளுக்கும் தெருத்தெருவா சண்டை நடந்துச்சு. அங்க வீட்டுக்குள்ள பயந்து கெடந்த ஜனம் பேசினதும் தமிழ்தான், உங்கப்பா தமிழ் தெரிஞ்சவரு, என்னென்ன காதுல விழுந்துச்சோ. நம்ம பட்டாளத்துக்காரங்க ஆயிரத்துக்கு மேல செத்தாங்க. 1990 மார்ச்ல கடைசிப் படை மெட்ராஸ்ல வந்து இறங்கினப்ப முதலமைச்சர் கலைஞர் வரவேற்கப் போகல. வெளிய எவனும் கேக்கல சரி, பெத்த பிள்ளை கேட்டிருக்கணும்ல, "அங்க என்னப்பா ஆச்சு"ன்னு?

சட்டமும் அங்கதான் வந்து நிக்குது. 68 வயசுல யூனிஃபார்ம் திரும்பக் கிடைக்காது, ரிட்டயர்மென்ட் வயசு எப்பவோ தாண்டியாச்சு, டிஸ்மிஸ் ஆர்டரை ரத்து பண்ணி சர்வீஸ்ல இருந்த மாதிரி கணக்கு வச்சு பென்ஷன் குடுங்கன்னு வேணா கேக்கலாம். தண்டனை உறுதியானப்புறம் ஆர்மி ஆக்ட் 164வது பிரிவுல மனு போட வழி உண்டு, அன்னிக்குப் போட்டாரா இல்லையான்னு அவர்தான் சொல்லணும். 2007 சட்டத்துல வந்த ஆயுதப்படைத் தீர்ப்பாயம் கேரளாக்காரங்களுக்கு கொச்சில இருக்கு, ஆனா அங்க மனு போடக் கெடு உண்டு, தாண்டினா ஏன் லேட்டுன்னு காரணம் காட்டணும், இத்தனை வருஷத்துக்குக் காரணம் அவர் வாய் திறந்தாத்தான் வரும். மனுவுல கையெழுத்தும் அவருது.

தங்கச்சியையும் வரச்சொல்லி, சொந்தக்காரங்க யாரும் இல்லாதப்ப ரெண்டு பேரும் அவர் முன்னாடி உக்காந்து பத்திரிகைக்கு மன்னிப்பு கேளுங்க. அப்புறம் கேளுங்க, கேஸ் போடலாமாப்பான்னு. சரின்னார்னா ஆர்டர் காப்பியோட சர்வீஸ் கேஸ் பாக்கற வக்கீலை கொச்சில உடனே பாருங்க. வேணாம்னார்னா விட்ருங்க, அம்மாவை அழ வச்சுக் கையெழுத்து வாங்கற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.