கேளுங்க சொல்றோம்: பந்தை யாருக்கும் குடுக்காத பிட்சருங்க

கேள்வி: பேஸ்பால்ல சை யங்னு ஒரு பிட்சர் (பந்து வீசறவர்) 749 மேட்ச்ச தனியாளா போட்டு முடிச்சாராமே, நம்புற மாதிரியா இருக்கு? – கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: நம்பித்தான் ஆகணும், ரெக்கார்டு அப்படித்தான் இருக்கு. 815 மேட்ச் ஸ்டார்ட் பண்ணி, அதாவது டீமுக்கு முதல் பந்துல இருந்து போட ஆரம்பிச்சு, அதுல 749-ஐ கடைசி பேட்ஸ்மேன் வரைக்கும் அவரே போட்டிருக்கார். அவரையாவது விடுங்க, ஜாக் டெய்லர்னு ஒருத்தர் 1901-ல இருந்து 1906 வரைக்கும் ஸ்டார்ட் பண்ண 187 மேட்ச்சையும் வரிசையா, ஒண்ணு விடாம முடிச்சிருக்கார்.

உடம்பு இரும்பாலன்னு நினைச்சுடாதீங்க, கை அதே கைதான், ஆட்டம்தான் வேற. ஒரே பந்தை அழுக்கேறி நைஞ்சுபோற வரைக்கும் ஓட்டுவாங்க, எச்சில் தடவிப் போடறதுக்கும் 1920 வரைக்கும் தடையில்ல, அந்தப் பந்தை எவ்வளவு ஓங்கி அடிச்சாலும் தூரமா போகாது. 1911-ல அமெரிக்கன் லீக்லயே அதிகமா ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி) அடிச்ச ஃபிராங்க் பேக்கர் அடிச்சதே மொத்தம் 11-தான், ஆனா அவருக்குப் பட்டப்பேரு ‘ஹோம் ரன்’ பேக்கர்! அதனால பிட்சர் பாதி மேட்ச் சும்மா கையை வீசிட்டு, எதிர் டீம் ஆள் ரன் எடுக்க பேஸ்ல (ஓடி வந்து நிக்கற இடத்துல) நிக்கும்போது மட்டும் முழு வேகத்தை எடுப்பார். இப்ப அது நடக்காது, ஒன்பதாவதா வர்ற பேட்ஸ்மேன்கூட தூக்கி வெளிய அடிச்சுடுவான், அதான் முதல் பந்துல இருந்தே 150 கிலோமீட்டர் வேகம், மேட்ச்சோட ஒன்பது இன்னிங்ஸ்ல அஞ்சாறுலயே ஆள் காலி.

கேள்வி: அப்போ அந்தக் காலத்துல யாருக்கும் கை போகலையா? – வாசகி, கோவை

பதில்: போச்சும்மா, நிறையவே போச்சு, போனவங்க பேரு நமக்குத் தெரியாது அவ்வளவுதான். தெரிஞ்ச பேருன்னா சாண்டி கூஃபாக்ஸ். 1966-ல 27 வின், 27 கம்ப்ளீட் கேம் (தனியாளா முழுசா போட்ட மேட்ச்), அந்த சீசன் முடிஞ்சதுமே முழங்கை ஆர்த்ரைட்டிஸ்னால ரிட்டயர்டு, வயசு வெறும் 30. 1980-ல ஓக்லண்ட் டீம் பிட்சருங்கள மேனேஜர் பில்லி மார்ட்டின் 94 மேட்ச் முழுசா போட வெச்சார், அடுத்த மூணு நாலு வருஷத்துல அந்தப் பசங்க கை ஒவ்வொண்ணா மக்கர் பண்ண ஆரம்பிச்சுது. என்னைக் கேட்டா அது வீரம் இல்ல, வேலை வாங்கினது.

கேள்வி: இப்ப யாருமே முடிக்கறதில்லையா? – வாசகர், சேலம்

பதில்: அபூர்வம். 2021-ல கார்பின் பர்ன்ஸ் எட்டு இன்னிங்ஸ் ஒரு ஹிட்கூட (பேட்ஸ்மேன் அடிச்சு பேஸ் சேர்றது) குடுக்கல, 115 பந்து ஆச்சுன்னு உட்கார வெச்சுட்டாங்க, ஒன்பதாவதை ஜாஷ் ஹேடர் போட்டார். அந்த வருஷம் ஒரு கம்ப்ளீட் கேம்கூட இல்லாமலேயே பர்ன்ஸ் வாங்கின அவார்டு என்ன தெரியுமா? சிறந்த பிட்சருக்கு அதே சை யங் பேர்ல குடுக்கற சை யங் அவார்டு!

கேள்வி: உங்களுக்குப் பிடிச்ச மேட்ச்? – அதே சேலம் வாசகர்

பதில்: 1963 ஜூலை 2, சான் ஃபிரான்சிஸ்கோ கேண்டில்ஸ்டிக் பார்க். ஜயன்ட்ஸ் பக்கம் ஹுவான் மாரிஷல், வயசு 25, பிரேவ்ஸ் பக்கம் வாரன் ஸ்பான், வயசு 42. ஒன்பது இன்னிங்ஸ் முடிஞ்சுது, 0-0. பன்னெண்டு, பதினாலுன்னு போய்க்கிட்டே இருக்கு, அப்பவும் 0-0. மேனேஜர் ஆல்வின் டார்க் போதும்ப்பான்னு சொல்ல வர, மாரிஷல் எதிர்ல இருந்த ஸ்பானைக் காட்டி, அந்த ஆளுக்கு 42 வயசு, அவர் நிக்கறப்ப நான் எப்படி போவேன்னாராம். மாரிஷல் 227 பந்து, ஸ்பான் 201. 16-வது இன்னிங்ஸ்ல, நடுராத்திரி தாண்டின பிறகு, ஸ்பான் போட்ட ஸ்க்ரூபால் சரியா வளையல, வில்லி மேஸ் அதைத் தூக்கி வெளிய அடிச்சார், 1-0. தோத்த கிழவர் அந்த சீசனை 23 வின்னோட முடிச்சார்.