எடைக்குப் போடும் முன் லென்ஸில் பாருங்கள்

பாட்டியின் 1918 ஜார்ஜ் மன்னர் பவுன் காசை நகைக்கடைக்காரர் எடைக்குத்தான் எடுப்பேன் என்கிறார், கொடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்படாதீர்கள்.

லென்ஸ் வைத்து, காசின் பின்பக்கத்தில் உள்ள குதிரையின் காலுக்குக் கீழே தரைக்கோட்டில், ஆண்டுக்கு நேர் மேலே பாருங்கள். 'ஐ' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் பம்பாயில் அடித்தது. அங்கே சவரன் அடித்தது அந்த ஒரே ஆண்டுதான். 'எம்' மெல்போர்ன், 'பி' பெர்த், 'எஸ்' சிட்னி, 'சி' ஒட்டாவா. எழுத்தே இல்லையா? லண்டன் காசில்தான் எழுத்து இருக்காது. ஆனால் அங்கே அந்த ஆண்டு சவரன் அடிக்கவில்லை, ஆகவே போலியா என்று சோதிக்க வேண்டும். நல்ல காசு 7.98 கிராம் நிற்கும், 22 காரட்.

பம்பாய் காசும் சுமார் 13 லட்சம் அடித்ததுதான், அபூர்வம் என்று சொல்ல மாட்டேன். அதன் விலை பெரும்பாலும் தங்க விலையோடுதான் ஏறி இறங்கும். தேயாத காசுக்குச் சேகரிப்பவர்கள் மேலே கொஞ்சம் தருவார்கள். சங்கிலியில் கோக்க வளையம் பற்றவைத்திருந்தால் அந்தக் கூடுதல் போச்சு. தயவுசெய்து புளி, பூந்திக்கொட்டை போட்டுத் தேய்க்காதீர்கள்! அப்புறம், இரண்டு பக்கமும் படம் எடுத்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.